புது டயரா? முதலில் அந்த நான்கு எண்களைப் பாருங்கள்

காருக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? விலை கேட்கும் முன் டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் தேடுங்கள். கடையில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். மூன்று வருடம் பழையதை எடுத்து வைத்து “புதுசுதான் சார்” என்றால், வேறு கேளுங்கள். தயங்கவே வேண்டாம், காசு உங்களுடையது.

அளவு 185/65 ஆர்15 88ஹெச் என்று இருந்தால், 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, அதாவது 560 கிலோ. ஹெச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ. கார் நிறுவனம் சொன்னதைவிட இவை குறையக் கூடாது.

சரி, இரண்டு மட்டும்தான் மாற்றுகிறீர்களா? முன்சக்கர இழுவை காராக இருந்தாலும் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது மிகவும் கஷ்டம். அப்புறம், டியூப்லெஸ் டயர் என்றால் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.