மனசு சரியில்லன்னு பைக்க எடுக்குறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஆபீஸ்ல மேனேஜர் கூட செம சண்டை ஒரு நாள். ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்கு வந்தவன் போட்ட சோத்தக்கூட தொடாம சாவிய எடுத்துட்டு கிளம்பிட்டேன், கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி ரோடு, எங்க போறோம்னு ஒரு யோசனையும் இல்ல, கிணத்துக்கடவு தாண்டி வண்டி ரெண்டு தடவ இருமிட்டு நின்னுருச்சு. பெட்ரோல் இல்ல. தள்ளிட்டே போனேன். தள்ளுனதுல கோவம் இறங்கிருச்சுங்க, அது வேற கதை. ஆனா அப்ப ஒரு விஷயம் உறைச்சுது பாருங்க, உக்கடத்துல இருந்து அவ்ளோ தூரம் எப்படி வந்தேன்னு சுத்தமா ஞாபகம் இல்ல. சிக்னல்ல நின்னேனா, லாரிய எந்தப் பக்கம் முந்துனேன், ஒண்ணும் தெரியல. மண்டைக்குள்ள மேனேஜர் மட்டும் பேசிட்டே வந்திருக்காரு.

கோவம் உச்சத்துல இருக்கும்போது கிளம்புறதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. 80-ல போனா வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். "அவர் அப்படி சொன்னப்ப நான் இப்படி கேட்டிருக்கணும்"னு ரெண்டு செகண்ட் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள 44 மீட்டர் கண்ண மூடிட்டு ஓட்டுன மாதிரி. சாப்பிட்டு தூங்குங்க, காலைல 5 மணிக்கு கிளம்புங்க. தூக்கம் வரலன்னா அந்த காலை ரைடும் வேணாம், தூங்காம ஓட்டுறது கோவத்துல ஓட்டுறதுக்கு கொஞ்சமும் சளைச்சது இல்ல.

அடுத்தது, ஓட்டிக்கிட்டே பிரச்சினைய யோசிச்சு முடிவெடுத்துரலாம்னு நினைக்கறது. எனக்கு தெரிஞ்சு லாங் ரைடு வேலை செய்யறதே தலைகீழா. ஆழியார் தாண்டி வால்பாறை ரோட்ல ஏறுறீங்கன்னு வைங்க, மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, எந்த கியர், மேல இருந்து பஸ் வருதா, ஓரத்துல மண்ணு கிடக்கா, குரங்கு குறுக்க பாயுமான்னு பாக்கவே மூளை பத்தாது. வீட்டு லோனுக்கு அங்க இடமே கிடையாது. அந்த ரெண்டு மணி நேர லீவுதான் மருந்து. யோசிக்கறதெல்லாம் டீக்கடைல நிறுத்தி யோசிச்சுக்கலாம், அதே ரோட்ல இருக்கற லோம்ஸ் வியூ பாயிண்ட்ல ஆழியார் அணைய பாத்துட்டு நின்னா பாதி கேள்விக்கு தானாவே பதில் வந்துரும். (அங்க வரையாடு நின்னா தூரமா பாருங்க, பிஸ்கட் போடாதீங்க.) இதனாலதான் ஹெல்மெட்டுக்குள்ள ப்ளூடூத் மாட்டிட்டு பாட்டு, கால்னு போறவங்கள பாத்தா எனக்கு புரியறதே இல்ல, எதுல இருந்து தப்பிக்க வந்தீங்களோ அதையே காதுல மாட்டிட்டு வந்தா எப்படி?

கிலோமீட்டர் கணக்கு பாக்கறது இன்னொரு வியாதி. ரீல்ஸ்ல ஒருத்தர் ஒரே நாள்ல 700 போனாருன்னா நாமளும் போகணுமா என்ன. கோவைல இருந்து வால்பாறை போக 100 கிலோமீட்டர் சொச்சம், வர அதே அளவு. மனசுக்கு இது போதும், அதுக்கு மேல போனா முதுகு பேச ஆரம்பிச்சுரும், அப்புறம் கவனம் பூரா இடுப்புலதான். கூட்டமா போறதும் இந்த மாதிரி நாளுக்கு சரிப்படாது, முன்னாடி போறவன் வேகம்தான் உங்க வேகம்னு ஆயிரும்.

மலை இறங்குறத மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லிடறேன், ஏன்னா ஏறும்போது பயந்து பயந்து ஏறுற ஆளுங்க இறங்கும்போதுதான் ஜாலியாயிடறாங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறது, கிளட்ச்ச பிடிச்சுட்டே உருட்டுறது, சிலர் இஞ்சினையே ஆஃப் பண்ணிடறாங்க, மூணுமே ஆபத்து. அப்போ மொத்த பாரமும் பிரேக் மேலதான் விழும், விடாம பிடிச்சுட்டே வந்தா சூடாகி பிடிமானம் போயிரும், டிஸ்க் பிரேக்னா உள்ள இருக்கற ஆயில் கொதிச்சு லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகும். கருகுன வாடை வந்தா அப்பவே ஓரம் கட்டி ஆற விடுங்க. ஏறுன கியர்லயே இறங்கணும், ரெண்டாவதுல போட்டா இஞ்சினே வண்டிய பிடிச்சுக்கும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. வளைவுல பஸ் திரும்ப முழு ரோடும் வேணும், சந்து கிடைக்குதேன்னு உள்பக்கமா நுழையாம வளைவுக்கு முன்னாடியே நின்னு அத அனுப்பிட்டு போங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கீழ தரையும் சும்மா இல்ல. பொள்ளாச்சி பக்கம் தென்னை நார் ஏத்துன லாரி ரெண்டு பக்கமும் பிதுங்கிட்டு போகும், டிரைவருக்கு பின்னாடி வர்றது தெரியவே தெரியாது. ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் காத்து பக்கவாட்டுல அடிக்கும், லாரிய முந்தும்போது அந்த லாரியே காத்த மறைச்சுரும், அத தாண்டுனதும் பொத்துனு ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, தெரியாம போனா வண்டி ஒரு அடி நகந்துரும். கிராமத்து ரோட்ல அறுவடை சமயத்துல தானியம் காயப்போட்டிருப்பாங்க, அதுமேல பிரேக் பிடிச்சா கோலிகுண்டு மேல கால் வெச்ச மாதிரிதான். கோடை முடிஞ்சு முதல் மழைன்னா ரோட்ல இருக்கற ஆயில் எல்லாம் மேல வந்து வழுக்கும், அரை மணி நேரம் டீக்கடைலயே இருங்க.

மத்தியானம் பிரியாணிய வெளுத்துட்டு உடனே ஹைவே ஏறாதீங்க. ஆழியார்ல மீன் வறுவல் வாசம் இழுக்கும், சாப்பிடுங்க, வேணாம்னு சொல்ல நான் யாரு, ஆனா முடிச்சுட்டு மரத்தடில ஒரு 15 நிமிஷம் கண்ண மூடுங்க.

டயர் காத்து, செயின், கிளட்ச் கேபிள், பெட்ரோல் இதெல்லாம் முந்துன நாளே பாத்துருங்க. பெட்ரோல நான் சொல்லவே வேணாம்.

கடைசியா, யாருகிட்டயும் சொல்லாம போறது. ஒரு கெத்து மாதிரி தெரியும், ஆனா மலைல சிக்னல் பல இடத்துல இருக்காது, வீட்ல இருக்கறவங்க பயந்து போய் 30 மிஸ்டு கால் வெச்சிருப்பாங்க, இறங்கி வந்ததும் அடுத்த சண்டை ரெடி. நான் இப்பல்லாம் ஆழியார் செக்போஸ்ட்ல நிறுத்தி "மேல போறேன், சிக்னல் இருக்காது, 4 மணிக்கு கீழ வந்து கூப்பிடறேன்மா"ன்னு ஒரு மெசேஜ் போட்டுருவேன். "சரி, வரும்போது எளநி நாலு வாங்கிட்டு வா"ன்னு அம்மா பதில் போடும்.