விண்ட்சர்ஃபிங்கில் இன்னும் உயரமாகத் தாவ

விண்ட்சர்ஃபிங் என்றால் பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையில் கடலில் ஓடுவது. அதில் தாவும்போது காலால் எவ்வளவு எம்பினாலும் ஓர் அளவுக்கு மேல் உயரம் கிடைக்காது. உயரத்தைக் கொடுப்பது வேகமும், அலையின் செங்குத்தும், அந்தரத்தில் நீங்கள் பாயைப் பிடித்திருக்கும் விதமும்தான்.

முதலில் வேகம். பெரிய அலை எதிரே வந்ததும் கை தானாகவே பாயைத் தளர்த்திக் காற்றை விட்டுவிடும். ஒரு சீசன் முழுக்க நானும் அதைத்தான் செய்தேன்; பலகை மூக்கைத் தூக்கிக்கொண்டு அலை மேலேயே நின்றுபோகும், நான் முதுகடிக்க விழுவேன். செய்ய வேண்டியது நேர்மாறு. அலைக்குக் கொஞ்ச தூரம் முன்பே, இரண்டு காலும் பலகை மேலுள்ள கால்வாருக்குள் இருக்க, காற்று போகும் பக்கமாகச் சற்றே திருப்பிப் பலகையை முழு வேகத்தில் ஓட விடுங்கள். நுரைத்துவிட்ட இடம் வேண்டாம், அது வேகத்தைத் தின்றுவிடும். மடங்குவதற்கு முந்தைய நொடியில் அலை சுவர் மாதிரி எழுந்து நிற்குமே, அங்கேதான் ஏற வேண்டும்.

மூக்கு உச்சியைத் தாண்டும்போது கால்களை நீட்டி எழும்புங்கள், உடனே பின்குதிகாலைப் பிட்டத்துக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பின்கால் மடங்கி முன்கால் நீண்டால் பலகையின் அடிப்பக்கம் காற்றுக்குத் திரும்பும், பாயோடு சேர்த்து அதையும் காற்று தூக்கும். பாயைப் பிடித்திருக்கும் இரண்டு கையில் பின்னால் இருக்கும் பின்கையை மட்டும் தளர்த்தாதீர்கள். இடுப்புப் பட்டையைப் பாயோடு இணைக்கும் ஹார்னெஸ் கொக்கியைத் தாவும் முன்பே கழற்றிவிடுங்கள், ஆரம்பத்தில் இதில் சமரசமே வேண்டாம்.

கானரித் தீவுகளில் கிரான் கனாரியாவின் தென்கிழக்குக் கரையில் பொசோ இஸ்கியெர்டோ என்று ஓர் ஊர் இருக்கிறது. கோடையில் வடகிழக்குக் காற்று அங்கே வெளுத்து வாங்கும். கடலுக்குள் போகும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வரும், உலகின் மிக உயரமான தாவல்களில் பல அங்கே நடந்தவை. அந்தத் தீவில் வளர்ந்த பிலிப் கோஸ்டர் 2011-இல், 17 வயதில், அலைப் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் தாவும் வீடியோவைப் பலகை அலையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்தி, பின்கையையும் பின்காலையும் மட்டும் பாருங்கள். பத்து முறை பாருங்கள்.

சரி, இறங்குவது. போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள், காலடியைப் பார்க்காதீர்கள். வால் முதலில் தண்ணீரைத் தொட வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். உயரத்திலிருந்து பலகை தட்டையாக விழுந்தால் கணுக்கால் போகும், இல்லையென்றால் பலகை விரிசல் விடும். கட்டுப்பாடு போய்விட்டது என்று தெரிந்தால் கால்களை உருவி, பாயைத் தள்ளிவிட்டு விலகி விழுங்கள். ஹெல்மெட் இல்லாமல் போகாதீர்கள், கீழே ஆள் இருக்கும்போது தாவவும் வேண்டாம்.

அலை இல்லாத கரை என்றாலும் பழகலாம். காற்று கிளப்பும் முழங்கால் உயரச் சிற்றலை போதும், ஒரு நாள் முழுக்கப் பின்காலை இழுப்பதை மட்டும் செய்யுங்கள், அடுத்த நாள் பின்கையை மட்டும் கவனியுங்கள், அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.