வீட்டு மேசையில் வரலாற்றுப் போர்கள்: வார்கேமிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னப் பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் போர்களை ஆடிப்பார்க்கும் மினியேச்சர் வார்கேமிங்கில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பொம்மைகளில்தான் தொடங்குகிறார்கள். கண்ணைப் பறிக்கும் ஒரு குதிரைப்படைப் பெட்டி, ஒரு டைகர் டாங்கி, ஒரு போர் யானை என்று ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கிவிட்டு, அப்புறம் இவற்றை வைத்து என்ன விளையாடலாம் என்று யோசிக்கிறார்கள். முதல் தவறு இதுதான். பின்னால் வருகிற தவறுகளில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மேசையில் நீங்கள் யார்? பத்துப் பேரை நடத்திப்போகிற சார்ஜெண்டா, ஒரு பட்டாலியனின் கர்னலா, முழுப் படைக்கும் தளபதியா? சார்ஜெண்ட் என்றால் ஒரு பொம்மை ஒரு மனிதன். 28மிமீ அளவில் (பொம்மை மனிதனின் உயரம் ஏறக்குறைய அவ்வளவு) இருபது முப்பது பொம்மைகள் போதும். தளபதி என்றால் ஒரு பேஸில், அதாவது அடித்தட்டில், நிற்கிற நாலு பொம்மைகள் சில நூறு பேரைக் குறிக்கும். 6மிமீ, 10மிமீ, 15மிமீ போன்ற சின்ன அளவுகள்தான் வசதி. இதை முடிவு செய்யாதவர்கள் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை 28மிமீயில் ஆரம்பிப்பார்கள். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனிடம் இருந்தது சுமார் 72,000 பேர். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் பிரெஞ்சுத் தரப்புக்கு மட்டும் 3,600 பொம்மைகள். வண்ணம் பூசி முடிப்பதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம். அதே அளவில், வாட்டர்லூவில் ஊகுமோன் என்ற பண்ணை வீட்டுக்காக நடந்த சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு மேசையில் அழகாக அடங்கும்.

வீட்டில் விளையாடுகிறவர் செய்கிற இன்னொரு பிழை, ஒரு பக்கத்துப் படையை மட்டும் சேர்ப்பது. வருகிற நண்பரிடம் அதே காலத்து, அதே அளவு எதிரிப்படை இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டு பக்கத்தையும் நீங்களே சின்னதாகச் சேருங்கள். 1990இல் வெளிவந்த டிபிஏ என்ற பண்டைக்காலப் போர் விதித்தொகுப்பு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேஸ்களோடு முடிந்துவிடுகிறது. 15மிமீ பொம்மைகளுக்கு இரண்டடிச் சதுர மேசை போதும். அதற்கும் முன்னால், அட்டையை வெட்டி யூனிட் (படைப்பிரிவு) பெயர்களை எழுதி இரண்டு மூன்று ஆட்டம் ஆடிப்பார்த்துவிடுவது என் வழக்கம். விதிகள் பிடிக்கவில்லை என்றால் அட்டையோடு போயிற்று.

ஸ்கேல் விஷயத்தில் குழப்பம் அதிகம். பொம்மையின் அளவு வேறு, நிலத்தின் அளவு வேறு. 28மிமீ பொம்மை ஏறக்குறைய 1/56 அளவு. பழைய காலத்து நீளத் துப்பாக்கியான மஸ்கட் உருப்படியாகச் சுடக்கூடிய தூரம் சுமார் 100 மீட்டர். அதை 1/56க்குச் சுருக்கினால் 1.8 மீட்டர், அதாவது சாதாரணமான ஆறடி மேசையின் முழு நீளம். இரண்டாம் உலகப்போர் டாங்கி 1,000 மீட்டரில் சுட்டால் 18 மீட்டர் வேண்டும். வீட்டைத் தாண்டி தெருவுக்குப் போக வேண்டியதுதான். அதனால் எல்லா விதிகளும் தூரத்தை ஓரளவு நசுக்கியே வைத்திருக்கும். இது தெரியாமல், ‘துப்பாக்கி இவ்வளவு கிட்டத்தில்தான் சுடுமா?’ என்று விதியைத் திருத்த ஆரம்பித்தால் முழு ஆட்டமும் குலைந்துவிடும். படைத்தளபதி ஆட்டங்களில் ஒரு மில்லிமீட்டர் ஒரு மீட்டர் என்ற கணக்கு வந்தால், 15 சென்டிமீட்டர் அகலமுள்ள அழகான பண்ணை வீடு நிலத்தில் 150 மீட்டரை விழுங்குகிறது. அங்கே ஒரு வீடு ஒரு ஊர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பொம்மையைவிட ஓர் அளவு சின்ன வீடுகளை வைப்பது பழைய தந்திரம், கண்ணுக்கும் உறுத்தாது.

அபூர்வங்களால் நிரம்பிய படை

ஜெர்மனியின் டைகர் I டாங்கி மொத்தமே சுமார் 1,350தான் தயாரானது. எதிர்ப்பக்கத்து அமெரிக்க ஷெர்மன் டாங்கியோ 49,000க்கு மேல். ஆனால் வீட்டு மேசைகளை மட்டும் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். நெப்போலியனின் பொறுக்கியெடுத்த காவல்படைமேல் நமக்குள்ள மோகமும் அப்படித்தான். 1812இல் ரஷ்யாவின் போரோடினோவில், தளபதிகள் கெஞ்சியும் காவல்படையைப் போருக்குள் விடாமல் கையில் வைத்துக்கொண்டவர் அவர். நம் மேசைகளில் அதே காவல்படை முதல் சுற்றிலேயே பாய்கிறது. ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹானிபால் ஆல்ப்ஸுக்குக் கொண்டுபோன 37 யானைகளில் பெரும்பாலானவை டிரெபியா போரை ஒட்டிய குளிரிலேயே இறந்துபோயின. அவருடைய புகழ்பெற்ற வெற்றிகள் அப்புறம்தான் வந்தன. சாதாரணக் காலாட்படையை முதலில் வாங்குங்கள், வண்ணமும் அதற்கே முதலில் பூசுங்கள். அபூர்வமானது அபூர்வமாக வந்தால்தான் அதற்கு மதிப்பு.

ஒரு காலத்துப் பழக்கம் இன்னொரு காலத்தில்

என்னைக் கேட்டால் ஆட்டத்தை அதிகம் கெடுப்பது இதுதான். ஒரு காலத்தை நன்றாக ஆடக் கற்றவர் அடுத்த காலத்துக்கு அதே கையோடு வருகிறார்.

பண்டைக் காலப் போரில் தளபதியின் வேலையில் பெரும்பகுதி, வரிசைகள் மோதுவதற்கு முன்பே முடிந்துவிடும். கி.மு. 216இல் கன்னேயில் ஹானிபால் செய்ததைப் பாருங்கள். நடுவில் கால் (Gaul) இன வீரர்களையும் ஸ்பானியர்களையும் முன்னோக்கி வளைத்து நிறுத்தினார், இரு ஓரங்களில் ஆப்பிரிக்கக் காலாட்படை, அதற்கும் வெளியே சிறகுகளில் குதிரைப்படை. ரோமானியர்கள் நடுவை உள்ளே தள்ளத் தள்ள ஓரங்கள் அவர்களை இறுக்கின. எதிர்க் குதிரைப்படையை விரட்டிவிட்டுத் திரும்பிய கார்த்தேஜ் குதிரைப்படை பின்புறத்தை அடைத்தது. சண்டைக்கு இடையில் யாரும் ஒவ்வொரு பிரிவாக இங்கே போ, அங்கே திரும்பு என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. புதியவர்களோ படையை ஐந்து நிமிடத்தில் அவசரமாக நிறுத்திவிட்டு, மீதி இரண்டு மணி நேரமும் அதைச் சரிசெய்யப் போராடுகிறார்கள். பண்டைக் கால ஆட்டத்தில் படையை நிறுத்தும் கட்டத்துக்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். ஒரு சிறகையாவது ரிசர்வாகப் பின்னால் வையுங்கள். மேசையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை படையை நிரப்பிவிட்டால் பக்கவாட்டுத் தாக்குதலுக்கே இடமிருக்காது, மிச்சம் வெறும் பகடை உருட்டல்தான்.

பதினேழாம் நூற்றாண்டில் நீள ஈட்டிக்காரர்களையும் மஸ்கட்காரர்களையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பாதீர்கள். குதிரைப்படை வந்தால் மஸ்கட்காரன் ஒதுங்குவது ஈட்டிகளின் பின்னால்தான்.

நெப்போலியன் காலம் வேறு கணக்கு. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால்தான் வேலை நடக்கும். குதிரைப்படை மிரட்டினால் காலாட்படை சதுர வியூகத்துக்குப் போயாக வேண்டும். அந்த நெருக்கமான சதுரம் பீரங்கிக்கு நல்ல இலக்கு. பீரங்கிக்குப் பயந்து சதுரத்தைக் கலைத்தால் குதிரைப்படை காத்திருக்கிறது. வாட்டர்லூவில் நெப்போலியனின் தளபதி நே பிற்பகலில் குதிரைப்படையை அலையலையாக அனுப்பினார். போதிய காலாட்படையும் பீரங்கியும் கூடப் போகாததால் பிரிட்டிஷ் சதுரங்கள் உடையவில்லை. குலையாத காலாட்படைமேல் குதிரைகளைத் தனியாக ஏவுகிற ஒவ்வொருவரும் அதே தோல்வியைத்தான் சின்னதாக நடத்திப் பார்க்கிறார்கள். அடிபட்டுத் தள்ளாடும் யூனிட் கிடைக்கும்வரை குதிரைப்படையைக் கட்டி வைத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். அதுதான் இந்தக் காலத்து ஆட்டத்தின் ருசியே.

அதே குதிரைப்படைப் பழக்கத்தை அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் கொண்டுபோனால் அடி விழும். கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 1 காலை வடதரப்புத் தளபதி பியூஃபோர்டின் குதிரைப்படை, குதிரையிலிருந்து இறங்கி நின்று சுட்டுத்தான் எதிரியைத் தாமதப்படுத்தியது.

முதல் உலகப்போர் என்றதும் அகழிகளை நேருக்கு நேர் தாக்குவதைத்தான் எல்லோரும் முதலில் ஆடிப்பார்ப்பார்கள். ஒருவர் நடப்பார், ஒருவர் இயந்திரத் துப்பாக்கியால் சுடுவார். வரலாற்றுக்கு நெருக்கமானதுதான், ஆனால் ஆட்டமாகச் சப்பென்று இருக்கும். 1914இன் முதல் வாரங்களில் நகர்ந்தபடி நடந்த சண்டைகள், இரவில் அகழிக்குள் புகுந்து கைதி பிடிக்கும் சின்னத் தாக்குதல், 1918இல் மறுபடி நகர்ந்தபடி நடந்த சண்டைகள் என்று தேர்ந்தெடுத்தால் முடிவெடுக்க நிறைய இருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் சுடுவதன் நோக்கத்தையே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எதிரியின் தலையை எழவிடாமல் அழுத்தி வைத்து, அந்த நேரத்தில் இன்னொரு குழு நகர்வதற்காகத்தான் பெரும்பாலான தோட்டாக்கள் செலவாயின. இரு பக்கமும் அசையாமல் நின்று பகடை உருட்டிச் சுட்டுக்கொண்டிருந்தால் அது மஸ்கட் காலத்து ஆட்டம், உடுப்பு மட்டும்தான் வேறு. டாங்கிகளைத் திருவிழா வண்டி நிறுத்தம் மாதிரி நெருக்கி அடுக்குவதும் இந்த வகைதான். மேசை சின்னதென்றால் டாங்கிகளைக் குறைக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

எல்லாம் தெரிந்த தளபதி

மேசைமேல் குனிந்து நிற்கிற நமக்கு எல்லாமே தெரிகிறது. உண்மையான தளபதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் படைப்பிரிவு, முரண்பட்ட உத்தரவுகளால் லிக்னிக்கும் காத்ர் பிராவுக்கும் நடுவே அலைந்து இரண்டு போரிலும் உருப்படியாகக் கலந்துகொள்ளவில்லை. உத்தரவு போய்ச் சேராமல் போகவும், தாமதமாகவும் வாய்ப்புத் தருகிற விதிகளை, ‘என் யூனிட் நான் சொன்னதைக் கேட்கவில்லையே’ என்ற எரிச்சலில் தூக்கி எறியாதீர்கள். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில், ஆடுகிறவர்கள் உத்தரவை எழுதித் தருவார்கள். நடுவர், அவர்கள் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டும் காட்டுவார். வீட்டில் மூன்றாமவர் ஒருவர் இருந்தால் அவரையே நடுவராக்கலாம். தனியாக ஆடுகிறவர், துணைப்படை எந்தச் சுற்றில், எந்தச் சாலையில் வருகிறது என்பதைப் பகடையிடம் விட்டுவிட்டால் போதும், தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

இரு பக்கமும் சரிசமமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். வரலாற்றில் சமமான போரைத் தேடிப்பிடிப்பதே கஷ்டம். படைகள் சமமாக வேண்டாம், வெற்றி நிபந்தனை சமமாக இருந்தால் போதும்: சின்னப் படை ஆறு சுற்று பாலத்தைக் காத்தால் அதற்கே வெற்றி. முடிந்ததும் பக்கம் மாறி இன்னொரு முறை ஆடுங்கள்.

மேசையும் பெயிண்டும்

ஐந்தடிக்கு மேல் அகலமான மேசையில் நடுவுக்குக் கை எட்டாது. எட்டிப் பிடிக்கப் போகும்போது சட்டைக்கை பட்டு ஒரு படையே சரியும். செங்குத்தான அழகிய குன்றுகளில் பொம்மை நிற்காது. படி வைத்த தட்டையான குன்று பார்க்கச் சுமார்தான், ஆனால் ஆட உதவும்.

பெயிண்டிங்கில் சுருக்கமாகச் சில. பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் பூசாதீர்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் சொரசொரப்பாகும். 1/72 அளவில் வருகிற வளையும் பிளாஸ்டிக் பொம்மைகளை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும். வார்னிஷ் அடிக்காத பொம்மையை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். குதிரைவீரனை ஈட்டியைப் பிடித்துத் தூக்குகிற நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய ஈயப் பொம்மைகளை ஓக் மர அலமாரியில் மூடி வைக்கக் கூடாது. அந்த மரம் விடுகிற அமில ஆவியில் ஈயம் வெள்ளைத் தூளாக அரித்துப்போகும். ஈயத்தைத் தொட்டபின் கை கழுவாமல் சாப்பிட உட்கார வேண்டாம்.

கடைசியாக நேரம். எத்தனை சுற்று என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். முடிவே இல்லாத ஆட்டத்தில் தோற்கிறவர் எழுந்து போகத்தான் பார்ப்பார். பாதியில் மேசை வேறு வேலைக்குத் தேவைப்பட்டால், மேலிருந்து போனில் ஒரு படம் எடுத்து, எந்த யூனிட் எவ்வளவு இழந்தது, அடுத்து ஆடும் முறை யாருடையது என்பதை ஒரு சீட்டில் எழுதிவிட்டு எடுத்து வையுங்கள். படத்தில் நிலை தெரியும், ஆனால் இழப்பு தெரியாது. அந்தச் சீட்டை மறந்தவர்கள்தான் அடுத்த வாரம் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.