அரபுப் பெண்களின் நாவல்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் அரபுப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி எழுதும் கட்டுரைகளைச் செப்பனிடும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழுகிறது. நான் தொடக்கத்தில் எழுதியவற்றில் இருந்த அதே சறுக்கல்கள் அவற்றிலும் தவறாமல் தலைகாட்டுகின்றன. ஈரானியரையும் துருக்கியரையும் அரபியர் கணக்கில் சேர்ப்பது, எகிப்தையும் ஓமனையும் ஒரே ஊர்போலப் பேசுவது போன்றவற்றை எவரும் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

போரைப் பின்னணி என்று ஒதுக்குவது

இந்தத் தவறைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. லெபனான் எழுத்தாளர் ஹனான் அல்-ஷேக்கின் 'ஸஹ்ராவின் கதை' நாவலைப் பற்றி ஒருவர் நான்கு பக்கங்கள் எழுதித் தந்தார். தந்தையின் அடி, விருப்பமில்லாத உறவு, கருக்கலைப்புகள், பொருந்தாத திருமணம் என எல்லாம் வரிசையாக இருந்தன. உள்நாட்டுப் போர் மட்டும் ஓரிடத்தில்கூட இல்லை. கேட்டதற்கு, "அது பின்னணிதானே சார், பெண்ணின் கதையைத்தானே எழுதச் சொன்னீர்கள்?" என்றார்.

லெபனான் போர் (1975-1990) நடந்துகொண்டிருந்தபோதே, 1980இல், பதிப்பகங்கள் ஏற்க மறுத்ததால் ஆசிரியர் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட நாவல் அது. அதன் முதல் பகுதி போருக்கு முந்தைய அமைதிக் காலத்தைச் சொல்கிறது. அந்த அமைதியில் ஸஹ்ரா முகப்பருவைக் கிள்ளிக்கொண்டும், ஆப்பிரிக்காவில் மாமா வீட்டுக் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டும், வாய் திறவாமல் ஒடுங்கிக் கிடக்கிறாள். மாமா ஹாஷிமும் கணவன் மாஜிதும் அப்பகுதியில் ஆளுக்கோர் அத்தியாயத்தில் தம் வாயாலேயே கதை சொல்கிறார்கள். இருவர் கண்ணுக்கும் அவள் தத்தம் தேவைக்கேற்ற ஒரு பெண்ணாகவே தெரிகிறாள். போர் மூண்டபின் வரும் இரண்டாம் பகுதியில் ஆண்குரல்கள் நின்றுவிடுகின்றன. இறுதிவரை ஸஹ்ரா மட்டுமே பேசுகிறாள். தெருவையே நடுங்க வைத்துக்கொண்டு மறைந்திருந்து சுடும் ஒருவனைத் தேடி அவளாகவே போகிறாள். அவனோடு கொண்ட உறவில்தான் தன் உடலின் இன்பத்தை முதன்முறையாக அறிகிறாள். கருவுற்றிருப்பதை அவனிடம் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் சுடப்படுகிறாள். சுட்டவன் அவனே என்று உயிர் பிரியும் வேளையில் நம்புகிறாள்.

ஊரின் ஒழுங்கு குலைந்த பிறகே இவளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது என்பதையும், அந்தக் குலைவே இவளைக் கொல்கிறது என்பதையும் நாவல் ஒருசேரச் சொல்கிறது. யார் பேசுகிறார், எப்போது பேச்சு நிற்கிறது என்ற அமைப்பே போரை ஒட்டி வகுக்கப்பட்டிருக்கும்போது, போரை நீக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு துன்பப் பட்டியல்தான். எகிப்திய எழுத்தாளர் லத்தீஃபா அல்-ஸய்யாத்தின் 'திறந்த கதவு' (1960) நாவலுக்கும் இதே கதி நேர்கிறது. 1946ஆம் ஆண்டுக் கெய்ரோ ஆர்ப்பாட்டங்களில் தொடங்கி 1956ஆம் ஆண்டுச் சூயஸ் போரில் முடியும் அக்கதையில், ஊர்வலத்துக்குப் போனதற்காகத் தந்தையிடம் அடிவாங்கிய பள்ளி மாணவி லைலா, சூயஸ் கால்வாய்க்கரை நகரான போர்ட் சயீதில் நிச்சயதார்த்த மோதிரத்தை எறியும் பெண்ணாவதற்கு இடைப்பட்ட பத்தாண்டு அரசியலே வழி அமைக்கிறது. நம்மவர்கள் அதைக் காதல் கதையாகச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

கதைமாந்தரையும் எழுதியவரையும் ஒன்றாக்குவது

எகிப்திய எழுத்தாளர் நவால் எல் சாதாவியின் 'சூனியப் புள்ளியில் பெண்' நாவலில் வரும் ஃபிர்தவ்ஸ், சாதாவி அல்லர். எகிப்தின் கனாத்திர் பெண்கள் சிறைக்கு மனநல மருத்துவராகச் சென்றபோது, தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணைச் சந்தித்ததிலிருந்து அந்நாவலை அவர் எழுதினார். 1981இல் அதிபர் சதாத்தின் ஆட்சியில் சாதாவியும் சிறையில் அடைக்கப்பட்டார் என்பதால் பலர் குழம்புகிறார்கள். நாவல் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது.

வீட்டைவிட்டு வெளியேறினால்தான் விடுதலை என்று அளப்பது

2019இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்ற ஜோகா அல்ஹார்த்தியின் ஓமன் நாவலில் (ஆங்கிலத்தில் 'செலஸ்டியல் பாடீஸ்') மாயா வீட்டைத் துறப்பதில்லை. சிங்கர் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து, தன்னைத் திரும்பிப் பாராத ஒருவனை மனத்துக்குள் நேசித்தவள், பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை மறுபேச்சின்றி மணக்கிறாள். பிறகு ஊரார் முகம் சுளித்தாலும் மகளுக்கு 'லண்டன்' என்று பெயர் வைக்கிறாள். அவள் தங்கை கவ்லாவோ, கணவன் ஒருவழியாகத் திருந்திக் குடும்பத்தோடு ஒன்றிய பிறகு, மணவிலக்குக் கேட்கிறாள். வெளியேறும் கதவை மட்டும் தேடுகிறவருக்கு இந்த இரண்டும் கண்ணில் படுவதில்லை.

ஸரீஃபாவை மறப்பது

ஓமனில் அடிமைமுறை 1970இல்தான் ஒழிக்கப்பட்டது. அல்ஹார்த்தியின் அதே நாவலில் வரும் அடிமைப்பெண் ஸரீஃபா இல்லாமல் அந்நாவலைப் பற்றி ஒரு பத்தியும் எழுதாதீர்கள்.

ஆண் கதைசொல்லியைக் குறையாகப் பார்ப்பது

அல்ஜீரிய எழுத்தாளர் அஹ்லாம் முஸ்தகானமி 'உடலின் நினைவு' நாவலை ஓர் ஆணின் குரலில் எழுதியது தற்செயல் அன்று.

எல்லாவற்றையும் மேற்கின் தாக்கம் என்று முடிப்பது

லைலா பாலபக்கியின் 'நான் வாழ்கிறேன்' பெய்ரூட்டில் 1958இலேயே வந்துவிட்டது. செல்வந்தத் தந்தையின் தயவில் வாழ விரும்பாமல் வேலைக்குப் போகும் லீனாவின் கதை அது. பின்னர் வந்த சிறுகதைத் தொகுப்புக்காக 1964இல் ஆபாச வழக்கைச் சந்தித்து பாலபக்கி விடுதலை பெற்றார். எழுபதுகளின் மேற்கத்தியப் பெண்ணிய அலையே இவர்களை எழுத வைத்தது என்று தொடங்கும் பத்தியை நான் மேற்கொண்டு படிக்காமலேயே அடித்துவிடுகிறேன்.