நாளைய கவலையை இன்றிரவே தாளில் இறக்கி வையுங்கள்

கவலையால் இரவில் தூக்கம் வரவில்லையா? படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாளை செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். 'பணக் கவலை' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. 'காலை 10 மணிக்குப் பள்ளிக்குப் போய், கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்க வேண்டும்' என்கிற அளவுக்கு விவரமாக இருக்கட்டும். போனில் வேண்டாம், குறிப்பெழுத எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்போம்.

இன்னும் முடிக்காத வேலை மறந்துவிடக் கூடாதே என்றுதான் மனம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. எழுதிவிட்டால் நினைவில் வைத்திருக்கும் பாரம் குறைகிறது. 2018-இல் வெளியான அமெரிக்கப் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில், 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

பழைய நினைவுகளுக்கு இது அவ்வளவாக உதவாது. இழப்பின் துக்கத்தைப் பட்டியல் போட முடியாது. அப்போது தாளைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒருவர்தான் தேவை. 'அண்ணனிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்பது போன்ற உறுத்தல் என்றால் சரி, 'நாளை மாலை அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும்' என்று எழுதலாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.