வேரிகோ கேமுக்குள் ஒரு பயணக் குறிப்பேடு: ராயக்கோட்டை மலையை வைத்து ஒரு செய்முறை

வேரிகோ என்பது போனின் ஜி.பி.எஸ்.ஸை வைத்து, நிஜ இடங்களுக்கு நடந்துபோய் ஆடும் கேம். அதில் ஒரு மெசேஜ் வரும், ஆடுகிறவர் 'சரி' தட்டுவார், அத்தோடு அது போய்விடும். திரும்பப் படிக்க வழியில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மலையில் பாதி ஏறியவர், வெயிலில் மூச்சு வாங்கியபடி ஒரு துப்பைப் படித்துவிட்டு உடனே தட்டிவிட்டால், உச்சிக்குப் போனதும் "கீழே என்ன எண் சொன்னாங்க?" என்று திகைத்து நிற்பார். இறங்கி மறுபடி ஏறுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் கேமுக்குள் அவர் பையிலேயே, தானாக எழுதிக்கொள்ளும் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும்.

ஜோன் (ஆடுகிறவர் நுழைந்ததும் ஏதாவது நடக்கும்படி வரைபடத்தில் குறிக்கும் பகுதி) வரைவது, மெசேஜ் காட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கேமை உருவாக்கும் மென்பொருள்களான பில்டர்களில் என் ஓட்டு உர்விகோவுக்கு. விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும், ஆனால் கேமைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டர் கூடவே வருகிறது. விண்டோஸ் இல்லாதவர்கள் பிரவுசரிலேயே ஓடும் இயர்விகோவை எடுத்துக்கொள்ளலாம். முறை இரண்டிலும் ஒன்றுதான்.

1. ஐட்டம்

'பயணக் குறிப்பேடு' என்று ஒரு ஐட்டம் (கேமுக்குள் இருக்கும் பொருள்) உருவாக்கி, அது இருக்கும் இடமாக பிளேயரைக் கொடுங்கள். விசிபிள் ஆன். டிஸ்கிரிப்ஷனில் "இன்னும் எதுவும் எழுதவில்லை" என்று போடுங்கள். 'படி' என்று தனியாக ஒரு கமாண்ட் வைத்து அதில் மெசேஜ் திறக்கிறவர்கள் உண்டு. அது தேவையே இல்லை. ஐட்டத்தைத் தொட்டாலே டிஸ்கிரிப்ஷன் திறக்கும். நாம் மாற்றப்போவதும் அந்த டிஸ்கிரிப்ஷனைத்தான்.

2. வேரியபிள்கள்

வேரியபிள் என்றால் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர். மூன்று வகை வேண்டும்: குறிப்பு முழுவதையும் வைத்திருக்க ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), வரிசை எண்ணுக்கு ஒரு நம்பர் (தொடக்கம் 0), ஒவ்வொரு ஜோனுக்கும் 'எழுதியாயிற்றா' என்று ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் சொல்லும் ஒரு பூலியன் (தொடக்கம் ஃபால்ஸ்). பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். வேரிகோவின் நிரல் மொழியான லுவா தமிழ்ப் பெயரை ஏற்காது.

மூன்றையும் பில்டரின் வேரியபிள் பட்டியலில்தான் உருவாக்க வேண்டும். லுவா கோடுக்குள் நேரடியாக ஒரு பெயரை எழுதி மதிப்புக் கொடுத்தாலும் கேம் ஓடும், எமுலேட்டரிலும் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் சேவ் செய்யும்போது, கார்ட்ரிட்ஜின் (அதாவது கேம் கோப்பின்) பட்டியலில் உள்ள வேரியபிள்கள் மட்டுமே பதிவாகும். ஆடுகிறவர் நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பத் திறந்தால் மற்றவை காலியாக இருக்கும்.

3. எழுதும் ஃபங்ஷன்

ஒவ்வொரு ஜோனிலும் தனித்தனியாக ஒட்டுவேலை செய்யாதீர்கள். சொந்த லுவா கோடு எழுதும் பகுதியில் ஒரே ஒரு ஃபங்ஷன் (வேண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிடும் கோடுத் துண்டு) வைத்து, எழுத வேண்டிய வாக்கியத்தை அதற்கு அனுப்புங்கள். அது நான்கு வேலை செய்யும்: வரிசை எண்ணில் ஒன்றைக் கூட்டும், எண், வாக்கியம், வரிமுறிப்பு மூன்றையும் சேர்த்துப் புதிய வரி ஆக்கும், புதிய வரியைப் பழைய குறிப்புக்கு *முன்னால்* ஒட்டும், முழுவதையும் ஐட்டத்தின் டிஸ்கிரிப்ஷனில் போடும். புதியது மேலே இருந்தால், நடந்துகொண்டே பார்க்கிறவர் விரலால் தள்ளித் தேட வேண்டியதில்லை.

வரிமுறிப்புக்கு எச்.டி.எம்.எல்.லில் எழுதுகிற அதே பி.ஆர். டேக் (<BR>).

வாக்கியங்களை ஒட்ட லுவாவில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி. வேறு மொழி பழகிய கை கூட்டல் குறிக்குத்தான் போகும். எழுத்துகளுக்கு அதைப் போட்டால் பிழை காட்டி நின்றுவிடும், அதனால் கண்டுபிடித்துவிடலாம். எண்கள் என்றால் பிழையே வராது. 1791-ல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயப் படை ராயக்கோட்டையைப் பிடித்தது. அந்த ஆண்டை இரண்டாகப் பிரித்து, அடிவாரத்தில் "17", பாதி வழியில் "91" என்று துப்பாகக் கொடுப்பதாகவும், உச்சியில் முழு ஆண்டைக் கேட்கும் ஒரு பூட்டு இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளி போட்டு ஒட்டினால் 1791. கூட்டல் போட்டால், இரண்டும் ஸ்ட்ரிங்காக இருந்தாலும், லுவா எண்ணாக மாற்றிக் கூட்டி 108 என்று எழுதிவிடும். சரியான விடை தெரிந்தவருக்கும் உச்சியில் பூட்டு திறக்காது.

4. ஜோன் எல்லையில் நடக்கும் கூத்து

நிறைய கேம்களில் குறிப்பேடு கெடுவது இந்த இடத்தில்தான்.

ஜோனுக்குள் நுழையும் நிகழ்வில் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போதும் என்று தோன்றும். எமுலேட்டரில் அழகாக ஒரே ஒரு வரி விழும். மலையில் அப்படி இல்லை. திறந்த வெளியில் போன் ஜி.பி.எஸ். சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். பெரிய பாறையை ஒட்டி நின்றால் வானத்தின் ஒரு பக்கம் மறைந்துவிடும், பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலும் கலந்துவிடும். ஆள் அசையாமல் நின்றாலும் வரைபடத்தில் புள்ளி அங்கும் இங்கும் ஓடும். எல்லைக் கோட்டருகே நின்றால் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஒவ்வொரு 'உள்ளே'வுக்கும் ஒரு வரி. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் "17 என்ற எண் கிடைத்தது" என்று குறிப்பேட்டில் பத்து முறை ஏறியிருக்கும், உண்மையான துப்பு அடியில் புதைந்திருக்கும்.

தீர்வு அந்தப் பூலியன். நுழைந்ததும் முதலில் அதைப் பாருங்கள். ஃபால்ஸாக இருந்தால் மட்டும், உடனே ட்ரூ ஆக்கிவிட்டு, பிறகு எழுதுங்கள். கூடவே ஜோனையும் தாராளமாக வரையுங்கள். பாறைப் பகுதியில் 20 மீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வேண்டாம்.

5. எழுதிவிட்டுக் காட்டுங்கள்

பலரும் மெசேஜைக் காட்டி, 'சரி' தட்டிய பிறகு நடக்கும் பகுதியில் குறிப்பை எழுதுகிறார்கள். முறைப்படி சரிபோலத் தெரிந்தாலும் அது தவறு. ஒரு மெசேஜ் திறந்திருக்கும்போதே இன்னொன்று வந்து அதை மூடிவிட்டால், பட்டனைத் தட்டிய தகவல் வராது. அந்தப் பகுதியும் ஓடாது. துப்பும் போயிற்று, குறிப்பும் இல்லை. முதலில் குறிப்பேட்டில் எழுதுங்கள், அடுத்து மெசேஜ், அதன் பிறகு சேவ். மலை ஏறும்போது போன் சூடேறி அணைந்துபோனாலும் எழுதியது நிற்கும்.

சேவ் செய்த கேம் மறுபடி திறக்கும் நிகழ்வில், குறிப்பு வேரியபிளை ஒருமுறை டிஸ்கிரிப்ஷனில் போட்டுவிடுங்கள். ஒரே வரிதான்.

எதை எழுதுவது? கதையை அல்ல, ஆடுகிறவர் பிறகு பயன்படுத்தப்போவதை மட்டும். "அடிவாரம்: முதல் இரண்டு எண் 17" போதும். இந்த வட்டாரமான பாரா மகாலின் வரலாற்றையெல்லாம் மெசேஜில் சொல்லுங்கள், அதற்கு அதுதான் இடம்.

சோதிக்கும்போது எமுலேட்டரில் ஆளை எல்லைக் கோட்டின் மேல் பத்து முறை உள்ளே வெளியே இழுங்கள். ஒரே வரி விழ வேண்டும். பிறகு சேவ் செய்து, மூடி, திறந்து, அடுத்த ஜோனுக்குப் போங்கள். எண் 2 என்று தொடர வேண்டும். 1 என்று வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை: குறிப்பு நீண்டுவிட்டால் ஸ்ட்ரிங்கை இத்தனை எழுத்து என்று வெட்டாதீர்கள். லுவா எண்ணுவது பைட்டுகளை. 'தகடூர்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் யு.டி.எஃப்-8 முறையில் 18 பைட். நடுவில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து கட்டமோ கேள்விக்குறியோ ஆகிவிடும். பழைய வரியை நீக்குவதானால் முழு வரியாக நீக்குங்கள்.

இன்னொன்று: அடுத்த இடத்தின் ஆயத்தொலைவைக் குறிப்பில் எழுதினால், பாகை–நிமிடமா தசமப் பாகையா என்று கூடவே எழுதுங்கள். ராயக்கோட்டை வடக்கே 12.52 பாகை. அதை 12 பாகை 52 நிமிடம் என்று படித்துவிட்டால் சுமார் 38 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப்போய்விடும்.