மழைக் குளிரில் நடுங்கிய கருப்பி

சிங்கப்பூரில் நாய்க்கு என்ன குளிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும்போது வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும், ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பால்கனியில் படுக்கும் எங்கள் 11 வயது நாய் கருப்பி ஒரு நாள் காலையில் நடுங்கிக்கொண்டே எழ முடியாமல் எழுந்தாள். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

அவள் மேல் போர்வையைப் போட்டதுதான் நான் செய்த முதல் தவறு. சாரலில் அது நனைந்து இன்னும் சில்லென்று ஆகிவிட்டது. உண்மையில் குளிர் கீழேயிருந்துதான் வந்தது, ஈரமான டைல்ஸ் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

அப்புறம் மரப் பலகை அடுக்கித் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயர்த்தி, பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் படுக்கவாட்டில் வைத்தேன், வாய் சுவர்ப் பக்கம், காற்று வரும் பக்கம் அல்ல. அவள் நுழைந்து திரும்பிப் படுக்கிற அளவுதான். பெரிய கூடு என்றால் அவள் சூடு உள்ளே தங்காது. உள்ளே விரித்த துண்டை மட்டும் தினமும் மாற்றுகிறேன், இங்கே ஈரப்பதத்துக்குத் துணி சீக்கிரம் காயாது. நடுக்கம் இரண்டே நாளில் நின்றது. அவள் மூட்டுவலிக்குத் தனியாக மருத்துவரிடம் காட்டி வருகிறோம்.